எல்லா வயதினருக்கும்

அந்த வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. நகராட்சி அலுவலகத்தின் மாடியில், வரி கட்டும் கவுன்டருக்கு நேர் மேலே, ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு கூடம். நடுவில் பிளைவுட் தட்டி வைத்து அதை இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் நடனம், அந்தப் பக்கம் பாட்டு. தட்டி கூரை வரை எட்டவில்லை. அதனால் அந்தப் பக்கத்து ஹார்மோனியமும் தாளம் போடுகிற என்னுடைய தட்டுக்கழியும் மேலே போய்க் கைகலந்துவிட்டுத்தான் கீழே இறங்கும்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘இசை, நடன வகுப்புகள். எல்லா வயதினருக்கும்.’ கடைசி வரியை யாரும் பொருட்படுத்தியதில்லை. வந்தவர்களெல்லாம் பிள்ளைகள்தான். பெரியவர்கள் அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். இங்கே என் வகுப்பறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி, ஏசி, வழுக்காத தரை. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் மழை பிடித்துக்கொண்ட சாயங்காலங்களில், அந்தப் பழைய மரப்படியில் ஏறிவரும் ஒரு கனத்த காலடிக்காக என் காது இன்னும் காத்திருக்கிறது. அந்தக் காலடிக்குச் சொந்தக்காரர் ஒரு லிப்ட் மெக்கானிக்.

ஊரிலிருந்த லிப்டுகளில் பாதி அவர் கைபட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் கட்டடத்தில் மட்டும் லிப்ட் கிடையாது. முதல் நாள் மூச்சு வாங்க வாங்க மேலே வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “ஊரையே மேல ஏத்தி விடறேன், எனக்குப் படிக்கட்டுதான் எழுதியிருக்கு,” என்றார். நல்ல உயரம், உயரத்துக்குத் தகுந்த அகலம், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். அவருடைய காலுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. எட்டோ ஒன்பதோ வயதில் ஒரு பெண்.

“பொடிசு, டீச்சருக்கு வணக்கம் சொல்லு.”

பொடிசு சொல்லவில்லை. அப்பாவின் பேன்ட்டைப் பிடித்த பிடியை விடவும் இல்லை.

“ஆடணும்னு கொள்ளை ஆசை டீச்சர். வீட்ல கண்ணாடி முன்னாடி ஒரே ஆட்டம்தான். நாலு பேரப் பாத்தா மட்டும் இப்படி ஒட்டிக்கிறா.”

அப்போது என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. வகுப்பு நேரத்தில் பெற்றோர் உள்ளே வரக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கே உரிய கறார். அவர் வெளியே போனார், நான் கதவைச் சாத்தினேன். பொடிசு அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. முகத்தைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு, நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றாள். அழுகிற பிள்ளைக்குச் சமாதானம் சொல்லலாம். நிற்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது? சில வாரங்கள் இப்படியே போயின.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“டீச்சர், வாசல் பலகைல போட்டிருக்கே, அது நெஜமா?”

“எது?”

“எல்லா வயதினருக்கும்னு.”

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“நெஜம்தான்,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

“அப்ப என்னையும் சேத்துக்கோங்க. பெத்தவங்கதானே உள்ள வரக் கூடாது? படிக்க வர்றவன் வரலாமில்ல?”

அடுத்த வாரம் தொளதொளவென்று ஒரு பருத்திக் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்து, இடுப்பு உயரப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாக நின்றார். பக்கத்தில் பொடிசு. நடனத்தில் முதல் பாடமே அரைமண்டி. முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்து, முதுகு நிமிர்ந்திருக்க, பாதி உட்கார்ந்த நிலையில் நிற்க வேண்டும். பிள்ளைகள் சட்டென்று உட்கார்ந்தார்கள். அவர் பளு ஏற்றிய லிப்ட் மாதிரி மெல்ல இறங்கி, நடுவிலேயே நின்றுவிட்டார்.

“இதுக்கு மேல எறங்காது டீச்சர்.”

“போதும். அங்கேயே நில்லுங்க.”

அதன் பிறகு காலைத் தட்டச் சொன்னேன். எங்கள் தரை பழைய மரத்தளம். அவர் காலைத் தூக்கி வைத்ததும் ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை சிலிர்த்தன. தட்டிக்கு அந்தப் பக்கம் ஹார்மோனியம் நின்றது. பாட்டு சாரின் குரல் மேலேறி வந்தது.

“டீச்சர், உங்க பக்கம் கட்டடத்த இடிக்கிறாங்களா? முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு எறங்கிடுவேன்.”

சற்று நேரத்தில் கீழே கவுன்டரில் உட்காரும் வரி குமாஸ்தா மாடியேறி வந்தார். தலையிலும் தோளிலும் சுண்ணாம்புத் தூள்.

“வரி கட்ட வந்தவங்க தலைல கூரை உதிருதும்மா. மேல என்னதான் பண்றீங்க?”

நான் வரிசையின் கடைசியைக் காட்டினேன். அரைமண்டியிலிருந்த மனிதரைக் குமாஸ்தா கொஞ்ச நேரம் பார்த்தார். கேட்க வந்ததை மறந்தவர்போல இறங்கிப் போனார்.

இத்தனை களேபரத்திலும் நான் கவனித்தது ஒன்றைத்தான். பொடிசு கதவைப் பார்க்கவில்லை. அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துப் பார்த்து, பொறுக்க முடியாமல், வாயைத் திறந்தாள்.

“அப்பா, அது எடது கால்.”

என் வகுப்பில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அவருக்கு எதுவும் சுலபத்தில் வரவில்லை. கால் வந்தால் கை வராது, கை வந்தால் கண் தரையைப் பார்க்கும். ஆனால் விடமாட்டார். உயரமான கட்டடங்களின் உச்சியில் லிப்டை இழுக்கிற மோட்டார் அறை இருக்குமாம். அங்கே யாரும் வரமாட்டார்கள் என்பதால் வேலை முடிந்ததும் அங்கேயே பயிற்சி செய்துவிட்டு வருவார். “மோட்டார் சத்தத்துல ஒரு தாளம் இருக்கு டீச்சர். ஆனா அது நாலாவது மாடில நின்னுடும், நான் பாட்டுக்கு ஆடிட்டிருப்பேன்,” என்பார். பிள்ளைகளுக்கு அவர் லிப்ட் மாமா ஆகிவிட்டார். அவர் தப்பு செய்தால் வரிசையே சேர்ந்து திருத்தும். திருத்துவதற்கு ஒரு பெரிய ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளைகள் தங்கள் பாடத்தை இரட்டிப்பாகப் படித்தார்கள். பொடிசு எல்லாரையும் முந்திக்கொண்டு போனாள்.

என் அம்மா மட்டும், “சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரேன்னு போனவ, குடும்பஸ்தன ஆட விட்டுட்டு வந்து நிக்கிறா,” என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தாள்.

பிறகு ஒருநாள், வகுப்பு நடக்கும்போது கதவு தட்டப்பட்டது. நர்ஸ் சீருடையில், கைப்பையும் குடையுமாக ஓர் அம்மாள்.

“டீச்சர் நீங்கதானா? நான் பொடிசோட அம்மா. கொஞ்ச நாளா இவர் முட்டி வலிக்குது, தொடை வலிக்குதுன்னு தைலம் தேய்க்கச் சொல்றார். வேலைல எங்கயாவது விழுந்தீங்களான்னு கேட்டா இல்லங்கறார். பொண்ணக் கேட்டா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. வாரா வாரம் இங்க வந்து பெஞ்சுல உக்காந்திருக்கறதாத்தான் வீட்ல சொல்றார். பெஞ்சுல உக்காந்தா முட்டி வலிக்குமா?”

நான் கதவை விட்டு விலகி நின்றேன்.

உள்ளே அவர் இரண்டு கைகளையும் தோளுக்கு நேராக நீட்டி, அரைமண்டியில் இருந்தார். மனைவியைப் பார்த்துவிட்டார். எழுந்திருக்க நினைத்தார் என்று கண்ணில் தெரிந்தது. ஆனால் அவ்வளவு சீக்கிரம் அதிலிருந்து எழ அவரால் முடியாது. அப்படியே நின்றார்.

அந்த அம்மாள் கைப்பையால் வாயை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பகல் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நின்றுவிட்டு வந்தவருக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து அவ்வளவு வந்ததோ. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

“ஏங்க, முதுக வளைக்காதீங்க. பொண்ணு எப்படி நிமுந்து நிக்கிறா பாருங்க,” என்றார்.

அதற்குப் பிறகு, வேலை முறை ஒத்துவந்த வாரங்களில் அவரும் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு வகுப்பிலிருந்து வருவதை வாய்க்குள் முனகிக்கொண்டிருப்பார். ஒருநாள் பாட்டு சார் அவரைப் பார்த்துவிட்டார்.

“வெளிய பாடினா பெஞ்சுக்கு மட்டும்தாம்மா கேக்கும். உள்ள வாங்க.”

“எனக்கு இந்த வயசுல என்ன சார் பாட்டு?”

“பலகைல என்ன போட்டிருக்குன்னு உங்க வீட்டுக்காரரக் கேளுங்க.”

இப்படியாகத் தட்டிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் ஒருவர் என்று ஒரு குடும்பமே எங்கள் மாடியில் குடியேறிவிட்டது.

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் வாசனைதான் வரும். மழையில் நனைந்த குடைகளை வராந்தாவில் விரித்து வைத்திருப்பார்கள். ஈர மரத்தின் வாசனை, பிள்ளைகளின் தலை எண்ணெய், வேலையிலிருந்து நேராக வந்த ஒருவரின் கிரீஸ் வாசனை. வகுப்பு முடிந்ததும் பாட்டு சார் பெட்டியை மூடிவிட்டு என் பக்கம் எட்டிப் பார்த்து, “இன்னைக்கு உங்க தாளம் என் பாட்ட மூணு எடத்துல கொன்னுடுச்சு,” என்பார். “உங்க பாட்டு என் பிள்ளைங்கள ரெண்டு எடத்துல தூங்க வச்சிடுச்சு,” என்பேன் நான். எல்லாரும் சேர்ந்தே படியிறங்குவோம். பெரிய வேலை எதையும் செய்வதாக யாருக்கும் நினைப்பு இல்லை. நேரம் போனது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பொடிசுக்குப் பதின்மூன்று வயது ஆயிற்று. அப்பாவின் தோள் வரை வளர்ந்துவிட்டாள். பெயர் மட்டும் பொடிசாகவே இருந்தது. அந்த வருஷம் அவளுடைய பள்ளிக்கூடத் தோழிகள் சிலர் வகுப்பில் சேர்ந்தார்கள். பொடிசு கடைசி வரிசையிலிருந்து முன் வரிசைக்கு, அதிலும் அந்தக் கோடிக்கு, நகர்ந்தாள். அப்பா குதித்துத் தரை அதிரும்போதெல்லாம் தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பொடிசு ஜன்னலைப் பார்ப்பாள்.

ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் தனியாக வந்தாள்.

“டீச்சர், ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சொல்லு.”

“அப்பாவ இனிமே வரிசைல நிக்க வேணாம்னு நீங்க சொல்றீங்களா? நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

கேட்டு முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. திட்டலாம் என்று நினைத்த நான் திட்டவில்லை. பதின்மூன்று வயதில் அப்பா நம் பக்கத்தில் வந்து நின்றாலே உலகம் முழுக்க நம்மைப் பார்ப்பதாகத் தோன்றும். நானும் அந்த வயதைத் தாண்டித்தானே வந்தேன்.

“யோசிக்கிறேன் பொடிசு,” என்றேன்.

எப்படிச் சொல்வது என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். அதற்கு அவசியமே வரவில்லை. அவரே வந்தார்.

“டீச்சர், இனிமே நான் வரல. வேலை ஜாஸ்தியாயிடுச்சு.”

பொய் சொல்லத் தெரியாதவர். டெஸ்டரைப் பையிலிருந்து எடுப்பதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“அண்ணா, பொடிசு ஏதாவது...”

“அவ ஒண்ணும் சொல்லல டீச்சர். சொல்லவும் மாட்டா. எனக்குக் கண்ணு இருக்கில்ல? அவ தனியா நிக்கணும்னுதானே நான் வந்தேன்? இப்ப ஜோரா நிக்கிறா. இனிமேலும் நான் கூட நின்னுட்டிருந்தா அது நல்லாருக்காது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வழக்கமாகத் தடதடவென்று இறங்குகிறவர், அன்றைக்கு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அவர் இல்லாத வகுப்பு சுத்தமாக இருந்தது. யாரும் தப்பு செய்யவில்லை, யாரும் சிரிக்கவில்லை. பொடிசு முன்னைவிட நன்றாக ஆடினாள். அவள் முகத்தில்தான் ஒன்றுமே இல்லை. கேட்டுப் பெற்ற பொருளை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி இருந்தாள்.

இப்படியே சில வாரங்கள் போயிருக்கும். பாட்டு சார் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து என்னை மெதுவாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க.”

கழியைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். கீழே, வண்டி நிறுத்தும் முற்றத்தில், இரண்டு மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அவர் நின்றுகொண்டிருந்தார். பொடிசை அழைத்துப்போக வந்து காத்திருக்கிறவர். கைகள் இரண்டும் இடுப்பில், முழங்கால்கள் மடிந்து, ஒரு குதிகால் தரையை விட்டுத் தூக்கியபடி இருந்தது. அண்ணாந்து பார்க்கவில்லை. நான் தட்டுவதை நிறுத்தியதால் அவரும் நிறுத்தியிருந்தார். அடுத்த தட்டு எப்போது வரும் என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஓடிவந்து கழியை எடுத்தேன். அன்று வகுப்பு முடிகிற வரை, தட்டுப்பலகை பிளந்துவிடும்போல ஓங்கி ஓங்கித் தட்டினேன். நடுவில் தண்ணீர் குடிக்கப்போன பொடிசு அந்த ஜன்னலருகே சற்று நின்றதைப் பார்த்தேன். திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். தோழி என்னவென்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல,” என்றாள்.

மறுநாளே நான் நகராட்சி சூப்பரின்டென்டென்டிடம் போய் நின்றேன். பெரியவர்களுக்கென்று தனியாக ஒரு மாலை வகுப்பு வேண்டும் என்றேன்.

“யாரும்மா வருவா?” என்றார் அவர்.

“ஒருத்தர் நிச்சயம் வருவார் சார்.”

“ஒருத்தருக்காக லைட்ட எரிய விடணுமா?”

“பலகைல போட்டதுக்காகவாவது எரிய விடலாம் சார்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி என்றார். முதல் மாலையில் லிப்ட் மெக்கானிக் அதே தொளதொளக் கால்சட்டையில் வந்தார். அவருக்குப் பின்னாலேயே, வராந்தா பெஞ்சில் வருஷக்கணக்காகக் கொட்டாவி விட்ட இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடைசியாக வரி குமாஸ்தா வந்தார்.

“நீங்களுமா சார்?” என்றேன்.

“எப்படியும் சுண்ணாம்பு என் தலைலதாம்மா விழுது. மேலயே இருந்துட்டா விழாதில்ல?”

அந்த வகுப்பு மாதிரி நான் பிறகு ஒன்று நடத்தியதில்லை. ஆளுக்கொரு வயது, ஆளுக்கொரு முட்டி. மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளால் மட்டும் ஆடுவார். பார்க்க அத்தனை அழகாக இருக்கும். புதிதாக வந்தவர்கள் தடுமாறினால் லிப்ட் மெக்கானிக் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். “அவசரமில்ல. மாடி மாடியா ஏறுவோம்,” என்பார்.

பொடிசு அந்த மாலைகளில் வரமாட்டாள். ஆனால் ஒருநாள் கேட்டாள்.

“அப்பா எப்படி ஆடறார் டீச்சர்?”

“வந்து பாரேன்.”

“வேணாம். சும்மாதான் கேட்டேன்.”

இரண்டு வருஷம் ஓடிற்று. அத்தனை காலம் ஆடி உடையாத என் கால், ஒரு காலையில் பஸ் படியில் வழுக்கி உடைந்தது. கணுக்கால் எலும்பு. கட்டுப் போட்டு, காலை உயரத்தில் தூக்கி வைத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். பொடிசின் அம்மா வேலை பார்த்த வார்டுதான். “எங்க வீட்டு முட்டிகளுக்கெல்லாம் நீங்கதான் காரணம். உங்க காலுக்கு இப்ப நான் பொறுப்பு,” என்று சொல்லிக்கொண்டே தலையணையைச் சரி செய்வார்.

பார்வையாளர் நேரத்தில் பாட்டு சார் வந்தார். முகம் சரியில்லை.

“டீச்சர், நீங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க பக்கத்தப் பூட்டி வைக்கச் சொல்லிட்டாங்க. பூட்டினா போச்சு. கீழ ஃபைல் கட்டு வைக்க எடமில்லாம அலையறாங்க. ஒரு தடவ ஃபைல் உள்ள வந்துட்டா, அப்பறம் வெளிய வராது.”

அவருக்குப் பின்னால் லிப்ட் மெக்கானிக்கும் பொடிசும் நின்றிருந்தார்கள்.

“பூட்ட வேணாம்,” என்றார் மெக்கானிக். “டீச்சர் நடத்தற மாதிரியெல்லாம் வராது. ஆனா கதவு தொறந்திருக்கணும். நான் தாளம் போடறேன். படிச்சதையே திரும்பத் திரும்ப ஆடட்டும்.”

“ஆடிக் காட்ட ஒருத்தர் வேணுமே?” என்றார் பாட்டு சார்.

மெக்கானிக் மகளைப் பார்க்காமல், வேண்டுமென்றே என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பொடிசு கட்டிலின் இரும்புக் கம்பியை விரலால் தேய்த்தாள்.

“அப்பாவுக்குத் தாளம் ஓடும் டீச்சர். போகப் போக வேகமாயிடும்,” என்றாள்.

“அப்ப நீதான் இழுத்துப் பிடிக்கணும்,” என்றேன்.

“சொன்னாக் கேக்க மாட்டார்.”

“கேக்கறேன்,” என்றார் அவர், இன்னும் கட்டைப் பார்த்தபடியே.

அவ்வளவுதான் பேச்சு. பொடிசின் அம்மா மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு சட்டென்று வெளியே போனார்.

வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநாள் நான் வெளியே போக முடியவில்லை. சேதி மட்டும் வந்துகொண்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் பொடிசு வந்து என் கட்டிலருகே உட்கார்ந்து புகார் சொல்வாள். “சின்னதுங்க என் பேச்சக் கேக்குதுங்க டீச்சர். அப்பாதான் கேக்க மாட்டேங்கறார். நேத்து பெரியவங்க வகுப்புல நடுவுல நிறுத்திட்டு எல்லாருக்கும் ஜோக் சொல்றார்.”

“பெரியவங்க வகுப்புக்கும் நீதான் போறியா?”

“வேற யார் போவா?” என்றாள், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல.

கையில் ஊன்றுகோலுடன் நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன வாரமே, யாருக்கும் சொல்லாமல் கிளம்பிப் போனேன். அந்தப் படிகள் அவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக ஏறினேன். பாதிக்கு மேல் முடியாமல், திருப்பத்தில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து கழியின் சத்தம் வந்தது. என்னுடையதைவிடக் கனமான தட்டு.

“அப்பா, ஓடறீங்க.”

“நான் ஓடல. நீதான் நின்னு வேடிக்க பாக்கற.”

“எல்லாரையும் கேளுங்க. யார் ஓடறது?”

“லிப்ட் மாமா!” என்று பிள்ளைகளின் குரல் மொத்தமாக எழுந்தது. கூடவே வரி குமாஸ்தாவின் குரலும் கேட்டது. பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே நேரத்தில் அங்கே எப்படி என்று எனக்குப் புரியவில்லை. மெல்ல எழுந்து மீதிப் படிகளையும் ஏறினேன்.

தட்டி இல்லை. கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் திரும்பி வரும் வரை பிள்ளைகள், பெரியவர்கள், பாட்டு, ஆட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகவே நடத்துவது என்று பாட்டு சாரும் மெக்கானிக்கும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். கூடம் முழு நீளத்துக்கும் திறந்து கிடந்தது. அது அவ்வளவு பெரியது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கோடியில் ஹார்மோனியம், அதைச் சுற்றிப் பாடுகிறவர்கள். சீருடையைக்கூட மாற்றாமல் பொடிசின் அம்மா. மறு கோடி வரைக்கும் ஆடுகிறவர்கள். இடுப்பு உயரப் பிள்ளைகளுக்கு நடுவே ஜெராக்ஸ் கடைக்காரர், ஓரத்தில் நாற்காலியில் அவருடைய மாமியார். முன்னால் பொடிசு. தரையில் சம்மணமிட்டு, கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி அவள் அப்பா. அவர் மகளின் காலைப் பார்த்துத் தட்டினார். அவள் திரும்பாமலே அவர் தட்டைக் கேட்டு ஆடினாள். பாட்டு கொஞ்சம் பின்தங்கியது, தாளம் கொஞ்சம் முந்தியது. இரண்டுக்கும் நடுவே அவள் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய பள்ளிக்கூடத் தோழிகள் பின் வரிசையில் நின்று, குமாஸ்தாவுக்குக் கை எப்படி வைப்பது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் எல்லாம் நின்றது. மெக்கானிக் எழுந்து வந்து கழியை என்னிடம் நீட்டினார்.

“இந்தாங்க டீச்சர். உங்களோடது.”

“நீங்களே போடுங்க அண்ணா. எனக்குப் பாக்கணும்போல இருக்கு,” என்று சொல்லி மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமியார் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

தட்டியை நாங்கள் மறுபடி மாட்டவில்லை. சூப்பரின்டென்டென்ட் ஏனென்று கேட்டதற்குப் பாட்டு சார், “மரை தேஞ்சு போச்சு சார், நிக்க மாட்டேங்குது,” என்று சொல்லிவிட்டார். மெக்கானிக்கும் பக்கத்தில் நின்று தலையாட்டினார், தொழில் தெரிந்தவர் தோரணையில்.

பொடிசு பள்ளி முடித்து வெளியூருக்குப் படிக்கப் போனாள். அவளிடம் நடனம் தொழிலாக ஒட்டவில்லை. இப்போது கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறாள். விடுமுறைக்கு வந்தால் பையை வீட்டில் வைத்துவிட்டு நேராக மாடிக்கு வருவாள். அவள் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், ஆட்டத்திலிருந்து பெறவில்லை. முட்டி மக்கர் பண்ணினால் பாடுகிறவர்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வதாகவும், அங்கே பாட்டு சார் அவரை வாயைத் திறக்க விடுவதில்லை என்றும் போன மாதம் போனில் பொடிசின் அம்மா சொன்னார். வரி குமாஸ்தா இப்போது இல்லை. அவர் நின்ற இடத்தில் வெகுநாள் யாரும் நிற்கவில்லையாம்.

நான் அந்த ஊரை விட்டுக் கிளம்பியதற்கு முந்தின சாயங்காலம்தான் இன்றைக்கும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பொடிசும் விடுமுறையில் வந்திருந்தாள். வகுப்பு முடிந்து, அவளும் அப்பா அம்மாவும் மூன்று பேருமாக என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவிட வந்தார்கள். பிரிகிற பேச்சு எதையும் யாரும் பேசவில்லை. அன்று ஆடிய பாட்டில் மூன்றாவது அடி எங்கே எடுப்பது என்று வழியெல்லாம் சண்டை.

“தட்டு முடிஞ்சப்பறம்தான் எடுக்கணும்,” என்றார் அவர்.

“முடியறதுக்குள்ளப்பா. நீங்க என்னைக்குச் சரியா போட்டீங்க?”

“ஏம்மா, நீ பாடு. பாடினா தெரிஞ்சிடும்.”

“நடு ரோட்லயா?” என்றார் அவர் மனைவி. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் தொடங்கினார். மெக்கானிக் தன் தொடையில் தாளம் போட்டார். பொடிசு செருப்புக் காலாலேயே இரண்டு அடி எடுத்து வைத்துப் பார்த்தாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். அவளும் பார்த்தாள், அவர்கள் பார்ப்பதை. பார்த்துவிட்டு, “இன்னொரு தடவ மா,” என்றாள்.

என் பஸ் வந்தது. கண்டக்டர், “ஏறுங்கம்மா, ஏறுங்க,” என்றார்.

“நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்,” என்றேன்.